கிங்ஸ்மீட் பாக்ஸில் மட்டைச் சத்தம் கேட்குமா?

சாட்ஸ்வொர்த் அண்ணன்:
"டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்தில் பாக்ஸ் (காசு கொடுத்து எடுக்கும் கண்ணாடி அறை) எடுக்காதவன் மேட்ச் பார்த்தேன் என்று சொல்லக் கூடாது" என்று பீனிக்ஸ் தம்பி நேற்று எழுதியிருந்தார். எரிச்சலில் எனக்குத் தூக்கமே வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் மட்டையில் பந்து படும் சத்தம் கேட்குமா? 2007 செப்டம்பர் 19, ஸ்டூவர்ட் பிராடின் ஒரே ஓவரில் யுவராஜ் சிங் ஆறு சிக்ஸர் அடித்தபோது நான் புல்மேட்டில் இருந்தேன். மூன்றாவது பந்துக்கே எல்லோரும் எழுந்துவிட்டோம். மடியிலிருந்த பன்னி சவ் (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) கவிழ்ந்து குழம்பு பாயெல்லாம் ஓடியது. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு அடியும் பட்டாசு மாதிரி காதில் விழுந்தது.

பீனிக்ஸ் தம்பி:
அண்ணே, பாக்ஸில் டிவி இருக்கிறது, ரீப்ளே இருக்கிறது. 1992-இல் டெண்டுல்கரை மூன்றாம் நடுவர் டிவி பார்த்து ரன் அவுட் கொடுத்தது இதே மைதானத்தில்தான். டெஸ்டில் அதுவே முதல் தடவை. நடுவருக்கே வெறும் கண் போதவில்லை. மேட்டிலிருந்து உங்களுக்கு என்ன தெரிந்துவிடும்?

சாட்ஸ்வொர்த் அண்ணன்:
நான் கண்ணைப் பற்றியா கேட்டேன்? காதைப் பற்றிக் கேட்டேன். சத்தம் கேட்குமா, கேட்காதா?

டோங்காட் அக்கா:
முட்டி வலிக்கிற மாமியாரைப் புல்மேட்டில் எப்படி உட்கார வைப்பது? டர்பன் வெயில் தெரியாதா? பாக்ஸில் நிழல் உண்டு, கழிப்பறையும் பக்கம்.

சாட்ஸ்வொர்த் அண்ணன்:
சரி, அவர்கள் உட்காரட்டும். ஆனால் சத்தம்? அப்புறம் இன்னொன்று. நிறவெறிக் காலத்தில் நம் அப்பாக்கள் ஒதுக்கிவிட்ட பகுதியில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்தார்கள். எங்கும் உட்காரலாம் என்று வந்த பிறகு, நீங்களே போய்க் கண்ணாடிக்குள் அடைந்துகொள்கிறீர்கள்.

பீனிக்ஸ் தம்பி:
அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள். என் தாத்தாவும் அப்படி ஒதுங்கி உட்கார்ந்தவர்தான். அவர் பேரன் நல்ல இடத்தில் உட்கார்ந்தால் தப்பா? போன வருஷம் என் கூலர் பெட்டியை வாங்கிப் போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை. அதையும் பேசுவோமா?

சாட்ஸ்வொர்த் அண்ணன்:
வாங்கும்போதே அதன் மூடி உடைந்திருந்தது. அன்றைக்கே சொன்னேன்.

டோங்காட் அக்கா:
அதற்குள் என் மாங்காய் ஊறுகாய் ஜாடியும் இருந்தது.

சாட்ஸ்வொர்த் அண்ணன்:
ஜாடி பத்திரமாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தருகிறேன். தம்பி, பதில் வரவில்லையே. கேட்குமா, கேட்காதா?

பீனிக்ஸ் தம்பி:
கதவைத் திறந்து முன்னால் வந்து உட்கார்ந்தால் நன்றாகவே கேட்கும்.

சாட்ஸ்வொர்த் அண்ணன்:
அப்படியானால் வெளியே வந்துதானே கேட்கிறீர்கள்!

பீனிக்ஸ் தம்பி:
வெளியே இல்லை. அதுவும் பாக்ஸ்தான். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த் அண்ணன்:
கதவு மூடியிருந்தால்?