பழவேற்காட்டில் முகத்துவாரம் அடைபட்டால் ஏன் இவ்வளவு கூச்சல்?

ஓலைக்குடை:
கல்லூரிக்காகப் பழவேற்காடு பற்றி எழுதுகிறேன். வரைபடத்தில் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்காள விரிகுடா. கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது மீனவர்கள் வருஷா வருஷம் முகத்துவாரத்தை, அதாவது ஏரி கடலோடு சேரும் வாயை, தூர்வாரச் சொல்லிப் போராடுவது ஏன்? அப்புறம், பாடு முறை என்கிறார்களே, அது என்ன?

உப்பங்கழி:
படகுகள் பெரும்பாலும் நிற்பது ஏரிக்குள், கடலுக்குப் போக வழி அந்த வாய் ஒன்றுதான். மணல் மேடிட்டுவிட்டால் இன்ஜின் விசிறி தரை தட்டும், அலை வேறு புரட்டும், படகு கவிழ்ந்து ஆள் போன சம்பவங்கள் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் இறால். இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் நீரோட்டத்தோடு ஏரிக்குள் வந்து, வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். வாய் அடைபட்டால் குஞ்சு உள்ளே வராது. ஏரியோ பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூட இல்லை, கோடையில் தண்ணீர் சுண்டி உப்பு ஏறிக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் வெள்ளம் கொண்டுவந்தால் தண்ணீரே மணலை உடைத்துக்கொண்டு போகும், மழை பொய்த்த வருஷம்தான் திண்டாட்டம்.

சுத்துவலை:
பாடு என்பது முறை வைத்துப் பிடிப்பது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் எல்லாரும் ஒரே நாளில் வலை கட்டினால் யாருக்கும் மிஞ்சாது, அதனால் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மாதிரி ஊர்களில் சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று பிரித்துக்கொள்வார்கள். ஆராய்ச்சியாளர்கள் இதை ரொம்பப் புகழ்வார்கள், ஆனால் அந்த உரிமை பட்டினவர் என்ற மீனவச் சாதிக் குடும்பங்களுக்குப் பரம்பரையாக வந்தது. பாடு இல்லாதவர்கள் ஓரத்தில்தான் பிழைக்க வேண்டும். இருளர்கள் சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே கையால் துழாவி இறால் பிடித்து, பிடித்ததைப் போடும் ஓலைப் பறியை (கூடையை) பல்லில் கடித்துக்கொண்டு நகர்வார்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதினால் கட்டுரை பாதிதான்.

ஓலைக்குடை:
நன்றி. டச்சுக்காரர் கோட்டை, பூநாரை, சுற்றுலா எல்லாம் வருமானத்தில் சேருமா?

உப்பங்கழி:
சேரும், ஆனால் கொஞ்சம்தான். 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையில் இன்று பார்க்க பெரிதாக ஒன்றும் இல்லை, டச்சுக் கல்லறைதான் மிச்சம். பூநாரை குளிர்காலத்தில் மட்டும். பனை ஓலைக் கூடை முடையும் பெண்களுக்கு அதைவிட நிலையான வருமானம். தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களையும் பாருங்கள், கடலரிப்புக்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி மீனவர்களுக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருப்பதையும் மறக்காதீர்கள், எல்லைத் தகராறில் வலை அறுபடுவது அங்கே பழைய கதை.