சென்னை – லண்டன்: 8,230 கிலோமீட்டருக்குப் பதினொரு மணி நேரம் ஏன்?

தாம்பரம் வாசகர்:
வணக்கம். ஜனவரியில் என் தங்கையின் பிரசவத்திற்காக அம்மா லண்டனுக்குத் தனியாகச் செல்கிறார். இதுவே அவருக்கு முதல் விமானப் பயணம். சென்னைக்கும் ஹீத்ரோவுக்கும் இடையே ஏறத்தாழ 8,230 கிலோமீட்டர் என்றும், விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்றும் படித்தேன். அப்படியானால் ஒன்பது மணி நேரத்திற்குச் சற்றே கூடுதலாகத்தானே ஆக வேண்டும்? பயணச்சீட்டிலோ காலை 5.30க்குப் புறப்பாடு, பகல் 11.00க்கு வருகை என்றிருக்கிறது. திரும்பும்போது பகல் 1.30க்குக் கிளம்பி மறுநாள் காலை 5.00 மணிக்கு மீனம்பாக்கத்தில் இறங்குகிறார். சர்க்கரைக்கு வேளை தவறாமல் மாத்திரை போடுபவர் என்பதால், உண்மையான பயண நேரம் எனக்குத் தெரிய வேண்டும்.

மடிப்பாக்கம் வாசகி:
பயணச்சீட்டில் அந்தந்த ஊரின் நேரத்தையே அச்சிடுவார்கள். குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருப்பதால், அங்கே பகல் 11.00 என்றால் இங்கே மாலை 4.30. ஆகவே போகும்போது பதினொரு மணி நேரம், வரும்போது பத்து. மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். அதன்பின் வித்தியாசம் நான்கரை மணியாகும்.

பல்லாவரம் வாசகர்:
தூரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். 8,230 என்பது உலக உருண்டையின்மீது நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் அளவு. வீட்டிலுள்ள உருண்டையில் செய்து பாருங்கள்: நூல் சிந்து மாகாணத்தைக் கடந்து, காஸ்பியன் கடலில் பாதி வழியை எட்டி, உக்ரைன் வழியாக மேற்கே செல்லும். 2022 பிப்ரவரி முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருப்பதால், அந்த நூலின்மேல் அப்படியே பறக்க முடியாது. தெற்கே விலகித்தான் போக வேண்டும். இதைவிடப் பெரிய காரணம் காற்று. சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகமான காற்றோட்டம் குளிர்காலத்தில் இன்னும் வலுக்கும். போகும்போது எதிர்த்து நிற்கும் அதே காற்று வரும்போது பின்னாலிருந்து தள்ளிவிடும். தவிர, பயண நேரம் என்பது வாயிலை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே வாயிலில் நிற்பதில்தான் முடிகிறது. ஓடுபாதையில் காத்திருப்பதும், ஹீத்ரோவில் நெரிசலால் வானில் வட்டமிடுவதும் அதில் அடக்கம்.

தாம்பரம் வாசகர்:
மிக்க நன்றி. துபாய் வழியாகச் சென்றால் தூரம் நிறைய கூடுமா?

பல்லாவரம் வாசகர்:
சுமார் 200 கிலோமீட்டர்தான் கூடும். ஆனால் இறங்கி, மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு நின்று, அடுத்த விமானத்திற்குக் காத்திருப்பதில் மணிக்கணக்கில் போய்விடும். தனியாக வரும் அம்மாவுக்கு நேரடி விமானமே நல்லது.

மடிப்பாக்கம் வாசகி:
என் மாமியாரை அனுப்பியபோது, லண்டனில் இறங்கும்வரை கைக்கடிகாரத்தைச் சென்னை நேரத்திலேயே வைத்திருக்கச் சொன்னோம். மருத்துவரிடம் கேட்டு, ஒவ்வொரு மாத்திரை அட்டையின் பின்னாலும் சென்னை மணியைப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். மாத்திரைகளும் மருந்துச்சீட்டும் பெரிய பெட்டியில் வேண்டாம், கைப்பையிலேயே இருக்கட்டும்.