வசனப் படங்களைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. காலையில் எழுந்து என்ன செய்கிறீர்கள்?

தாமிரபரணிக்கரை எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு 54 வயது. பாளையங்கோட்டைப் பக்கம், சி.எஸ்.ஐ. சபையில் பிறந்து வளர்ந்தவள். கடந்த டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, எங்கள் சபைப் போதகரான ஐயர் நீட்டிய தட்டிலிருந்து, புது வருடத்துக்கான வேதவசனம் என்று என் கணவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளே." வீட்டுக்கு வந்த கையோடு அதைப் பீரோக் கண்ணாடியில் ஒட்டினார். பிப்ரவரி இரண்டாம் வாரம், அதே பீரோவுக்கு முன்னால் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சும் போய்விட்டது. இருபத்தாறு வருடம் மலைப்பாதையில் பஸ் ஓட்டிய மனிதர்.

இப்போது எதைக் கேட்டாலும் "சரி சரி" மட்டும்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி சரி, வேண்டாமென்றாலும் சரி சரி. கோபம் வந்தால் மட்டும் ஒரு கெட்ட வார்த்தை அட்சர சுத்தமாக வருகிறது, டெப்போவில் பழகியது. ஐயர் ஜெபிக்க வந்த அன்றும் வந்தது.

காலை ஐந்து மணிக்கு அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, கஞ்சியை இறக்குவதற்குள் கைப்பேசியில் பதினான்கு வசனப் படங்கள் வந்துவிடுகின்றன. சூரிய உதயம், ரோஜாப்பூ, அதன்மேல் "இன்றைய வாக்குத்தத்தம்". அனுப்புகிறவர்களில் என் கொழுந்தனும் ஒருவர். எங்களிடம் வாங்கிய நாற்பதாயிரத்தைத் தரவும் இல்லை, அண்ணனை வந்து பார்க்கவும் இல்லை. வசனம் மட்டும் ஒருநாளும் தவறியதில்லை.

நான் விசுவாசத்தை விடவில்லை. ஆனால் வேதத்தைத் திறந்தால் கண் வரிகளில் ஓடுகிறது, மனம் அடுப்படியிலேயே நிற்கிறது. இப்படி நீண்டுகொண்டே போகும் கஷ்டத்தில் இருந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். காலையில் எழுந்து என்னதான் செய்தீர்கள்? பெரிய பதில் வேண்டாம். நாளைக் காலைக்குப் போதுமானது இருந்தால் சொல்லுங்கள்.

ஜெயக்கொடி:

சகோதரி, அட்டையில் வந்த வார்த்தையை நீங்கள் முழு நிச்சயத்தோடு பற்றிக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். சந்தேகம் ஆசீர்வாதத்தைத் தடுக்கும். நாற்பது நாள் உபவாசம் எடுங்கள்.

ஓய்வுபெற்ற உபதேசியார்:

தம்பி ஜெயக்கொடி, வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபின் மூன்று சிநேகிதர்களும், அவனைக் குற்றஞ்சொல்ல வாய் திறப்பதற்கு முன்னால், ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள்.

அம்மா, நான் நாங்குநேரி வட்டாரத்தில் முப்பத்தொரு வருடம் உபதேசியாராக இருந்தவன். அந்த அட்டைகளை வெட்டிச் சுருட்டித் தட்டில் போடுகிற வேலையும் என்னுடையதுதான். ஆகவே உங்கள் எரிச்சலில் எனக்கும் பங்கு உண்டு.

எரேமியா 29ஆம் அதிகாரம் ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம். 11ஆம் வசனத்தை அச்சிடுகிறவர்கள் 10ஆம் வசனத்தை அச்சிடுவதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் ஆகும் என்று அதில் இருக்கிறது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது நரைத்த தலையோடு கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஊர் திரும்பியிருக்க முடியாது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன், இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறான். அவன் பொய் சொல்கிறான். ஆனால் அதைக் கேட்ட எரேமியா முதலில் சொன்ன வார்த்தை "ஆமென்". கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். அந்த மனிதருக்கும் ஆசை இருந்திருக்கிறது, பாருங்கள். எனக்கு எரேமியாவைப் பிடித்துப்போனது அந்த ஒரு ஆமெனுக்காகத்தான்.

எழுபது வருஷம் என்று சொல்லிவிட்டு, கடிதம் அவர்களுக்குக் கொடுக்கிற வேலை என்ன? வீட்டைக் கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதின் கனியைச் சாப்பிடுங்கள். நீங்கள் ஐந்து மணிக்குச் செய்துகொண்டிருப்பது அந்த வேலைதான். அதற்குமேல் ஜெபம் வரவில்லை என்று உங்களை நீங்களே அடித்துக்கொள்ள வேண்டாம்.

என் மனைவி ஆறு வருடம் டயாலிசிஸில் இருந்தாள். வாரம் இரண்டு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் பஸ் ஏறுவேன். அந்த நாட்களில் என்னால் வாசிக்க முடிந்தது, வேதத்தின் பாட்டுப் புத்தகமான சங்கீதத்தில் 88ஆம் சங்கீதம் ஒன்றுதான். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எப்படியாவது சுற்றிவந்து கடைசியில் துதியில் சேர்ந்துவிடும். இது சேராது. இருட்டிலே தொடங்கி இருட்டிலே முடிகிறது. அதையும் இராகம் போட்டுப் பாடத்தான் எழுதியிருக்கிறார்கள். வேறொன்றும் ஓடாத நாட்களில் அதை வாசித்துப் பாருங்கள், பதினெட்டு வசனம்தான்.

வாட்ஸ்அப் குழுவைச் சத்தமில்லாமல் வைத்துவிடுங்கள். அது பாவத்தில் சேராது.

மணப்பாட்டு மகள்:

அக்கா, நாங்கள் கத்தோலிக்கர். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம், அம்மா ஜெபமாலையைக் கையிலிருந்து கீழே வைத்ததில்லை. ஐம்பத்து மூன்று "அருள் நிறைந்த மரியே". பாதியில் எழுந்துபோய் மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு, விட்ட மணியிலிருந்து தொடர்வார். "மனம் வராவிட்டால் விரலாவது போகட்டும்" என்பார். உங்கள் சபையில் ஜெபமாலை கிடையாது, தெரியும். எனக்குச் சொல்லத் தோன்றியது, சொல்லிவிட்டேன்.

பேச்சுப்பயிற்சியாளர், மதுரை:

அம்மா, உங்கள் கேள்விக்கு என்னிடம் ஆன்மிகப் பதில் இல்லை. அந்தச் "சரி சரி"யும் கெட்ட வார்த்தையும்தான் என் கண்ணில் பட்டன.

வலப்பக்கம் செயலிழந்து பேச்சும் போனால், பெரும்பாலும் மூளையின் இடப்பக்கத்தில் பாதிப்பு. யோசித்துச் சொற்களைக் கோக்கும் பேச்சு அங்கே அடிபடுகிறது. ஆனால் பல வருடம் சொல்லிச் சொல்லி நாக்கில் படிந்தவை பலருக்குத் தப்பிவிடுகின்றன: ஒன்று இரண்டு மூன்று, கிழமைகள், வசவு, பாட்டு, மனப்பாடமான ஜெபம். ஐயர் முன்னால் வந்த வார்த்தைக்காக வெட்கப்படாதீர்கள். அது வருகிறதென்றால் ஜெபமும் வரக்கூடும். இரண்டும் ஒரே வாசல் வழியாக வருபவை.

முகத்துக்கு நேராக உட்காருங்கள். அவருடைய இடது கையை மெதுவாகத் தட்டிக்கொண்டே, கொஞ்சம் இராகமாக இழுத்து, அவர் சிறுவயதிலிருந்து சொல்லிவரும் எதையாவது சொல்லுங்கள். "சொல்லுங்கள், சொல்லுங்கள்" என்று பரீட்சை வைக்காதீர்கள். இராகத்தைப் பிடித்துப் பேச்சை மீட்கும் பயிற்சிமுறையே 1970களிலிருந்து இருக்கிறது. இதனால் எல்லாம் திரும்பிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். முறையான பயிற்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப்பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

தாமிரபரணிக்கரை (பத்தொன்பது நாள் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. உபதேசியார் ஐயா, சங்கீதம் 88ஐ ஐந்து நாள் வாசித்தேன். ஆறாம் நாள் பக்கம் தள்ளி 89க்குப் போனேன். எடுத்த எடுப்பிலேயே பாடுவேன் என்று இருந்தது. மூடிவிட்டேன். பீரோவில் இருந்த அட்டையைக் கிழிக்கவில்லை. ஒரு துண்டுத் தாளில் 10ஆம் வசனத்தை எழுதி அதற்குமேல் ஒட்டியிருக்கிறேன்.

மதுரைத் தம்பி சொன்னபடி கர்த்தருடைய ஜெபத்தை எடுத்துக்கொண்டேன். மூன்று நாள் நான் மட்டும் இழுத்து இழுத்துச் சொன்னேன், எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. நான்காம் நாள் "பரமண்டலங்களிலிருக்கிற" என்று நிறுத்தி மூச்சு வாங்கினேன். "எங்கள் பிதாவே" என்றார். குளறல்கூட இல்லை. அடுத்த வரி எனக்கு மறந்துபோயிற்று.

இப்போது பாதிக்குமேல் சேர்ந்து சொல்கிறார். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" வரைக்கும் தடங்கலில்லை. பத்து நிமிடம் கழித்துத் தாகமெடுத்தால் பழையபடி சரி சரிதான், தம்பி. அடுத்த வாரம் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறேன்.

"எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வந்தால் மட்டும் நிறுத்திவிடுகிறார். வார்த்தை வராமல் இல்லை. என்னைப் பார்த்து, வாயின் ஒரு பக்கத்தால் சிரிக்கிறார். அவர் தம்பியை நினைத்துத்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. அந்த வரியைத் தாண்டி இன்னும் போகவில்லை.