தோர்தோன் பக்கம் குழந்தைகளோடு தங்க வீடு, யோசனை சொல்லுங்கள்

ஜூலையில் பிரான்சின் தோர்தோன் பகுதியில், சார்லா ஊருக்குப் பக்கத்தில், நாமே சமைத்துக்கொள்ள வசதியுள்ள ஒரு கிராமத்து வீடு தேடுகிறோம். எட்டு மாதக் கைக்குழந்தை, ஒரு இடத்தில் நிற்காத இரண்டு வயதுப் பையன். எனக்குப் பயம் நீச்சல் குளம்தான். தரைக்குள் பதித்த குளத்துக்கு வேலி, மூடி, அலாரம், கூடாரம் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்கிறது அங்குள்ள 2003ஆம் ஆண்டுச் சட்டம், ஆனால் பெரும்பாலான அலாரம் பிள்ளை தண்ணீரில் விழுந்த பிறகுதானே அலறும்? பூட்டுப் போட்ட வேலி உள்ள வீட்டில் யாராவது தங்கியிருந்தால் சொல்லுங்கள், ப்ளீஸ். தொட்டில், ஹை சேர், மாடிப்படிக்குத் தடுப்பு எல்லாம் முன்னாடியே கேட்டால் வீட்டுக்காரர்கள் தருவார்களா? அப்புறம், அந்த சீசனில் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் வாடகை; சனி மாலை போய் இறங்கினால் மறுநாள் ஞாயிறு, மதியத்துக்கு மேல் நிறைய கடைகள் மூடிவிடும், அதனால் பால்மாவு, டயப்பரை வழியிலேயே வாங்கிவிடுவதா?