சூழ்நிலைதான் மனிதரை ஆட்டிவைக்கிறதா?

தராசு:
சமூக உளவியல் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் விட்டொழிக்க வேண்டியது, ‘கெட்டவன்தான் கெடுதல் செய்வான்’ என்ற நம்பிக்கையை என்பேன். யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் 1961-இல் தொடங்கிய சோதனைகளின் முதல் அறிக்கையில், அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி தருவதாக நம்பிய 40 பேரில் 26 பேர், ஆய்வாளர் ‘தொடருங்கள்’ என்று சொன்னதற்காகவே, 450 வோல்ட் என்று குறித்திருந்த கடைசி விசைவரை அழுத்தினார்கள். அவர்மீது உண்மையில் மின்சாரம் பாயவே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்களை அப்படி நடக்க வைத்தது சூழ்நிலை. சூழ்நிலையைக் கணக்கில் கொள்ளாமல் எல்லாவற்றுக்கும் குணத்தையே காரணமாக்கும் நம் பழக்கத்துக்கு லீ ராஸ் 1977-இல் பெயரும் வைத்துவிட்டார்: ‘அடிப்படைக் காரணக் கற்பிதப் பிழை’.

ஊசிமுனை:
மீதி 14 பேர் என்ன ஆனார்கள்? அதே அறை, அதே ஆணை, அதே கருவி. சூழ்நிலை ஒன்றாகவே இருந்தும் நடத்தை இரண்டாகப் பிரிகிறது என்றால், வேறுபாடு ஆட்களிடம்தான் இருக்க வேண்டும். நடத்தை என்பது ஆளையும் சூழலையும் சேர்த்தே பொறுத்தது என்று குர்ட் லெவின் 1936-லேயே சூத்திரமாக எழுதினார்; அறிமுக வகுப்புகளில் அதன் முதற்பாதி உதிர்ந்துவிடுகிறது. இந்தப் பிழையின் பெயரைக் கற்ற மறுநாளே தன் தவறுகளுக்கெல்லாம் சூழ்நிலையைச் சாக்காகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

புதுவரவு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சாலமன் ஆஷின் கோட்டுச் சோதனையும் இந்தக் கீழ்ப்படிதலில்தானே சேரும்?

தராசு:
சேராது. ஆஷின் சோதனையில் ஆணையிடுபவர் எவரும் இல்லை. சமநிலையில் உள்ளவர்கள் சுற்றி அமர்ந்து, கோட்டின் நீளத்தைப் பற்றிக் கண்ணெதிரே தவறான விடையைச் சொல்கிறார்கள். அதற்கு ஒத்துப்போவது ‘இணக்கம்’. அதிகாரம் உடையவர் கேட்டதால் செய்வதே ‘கீழ்ப்படிதல்’. ஆஷிடம் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஒருமுறைகூட இணங்கவில்லை என்பதையும், சரியான விடையைச் சொல்லும் துணை ஒருவர் கிடைத்ததும் இணக்கம் வெகுவாகச் சரிந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசிமுனை, அந்த 14 பேரை நான் மறக்கவில்லை. ஆனால் மில்கிராம் அமைப்பை மாற்றியபோது நடந்ததைப் பாருங்கள். ஆய்வாளர் அறையைவிட்டு வெளியேறித் தொலைபேசியில் ஆணையிட்டபோது, இறுதிவரை சென்றவர்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். உடன் அமர்ந்த இருவர் மறுத்து எழுந்தபோது 40 பேரில் 4 பேர்தான் இறுதிவரை சென்றார்கள். ஒவ்வொரு முறையும் நல்லவர்களாகப் பொறுக்கி எடுத்தார்கள் என்றா சொல்வீர்கள்?

ஊசிமுனை:
எத்தனை பேர் என்பதைச் சூழ்நிலை விளக்குகிறது, ஒப்புக்கொள்கிறேன். யார் யார் என்பதை அது விளக்கவில்லை. மேலும், ‘சூழ்நிலை’ என்று நீங்கள் சொல்வது உண்மையில் எங்கே இருக்கிறது? டார்லியும் லட்டானேயும் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு வந்தவரின் குரலைத் தான் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவி தேடினார்கள். இன்னும் நால்வர் கேட்பதாக நம்பியவர்களில் 31 விழுக்காட்டினரே அப்படிச் செய்தார்கள். அந்த நால்வரும் வெறும் ஒலிப்பதிவு. பிறருடைய இருப்பு உண்மையானதாக மட்டுமன்றிக் கற்பனையானதாக இருந்தாலும் நம்மைப் பாதிக்கும் என்று கார்டன் ஆல்போர்ட் இத்துறையை ஏற்கெனவே வரையறுத்திருந்தார். சூழ்நிலை ஆளின் மனத்துக்குள் புகுந்த பிறகே வேலை செய்கிறது.

தராசு:
அப்படியானால் உங்கள் முதல் வாதத்தை நீங்களே உடைத்துவிட்டீர்கள். ஒரே அறையில் அமர்ந்த 40 பேருக்கும் சூழ்நிலை ஒன்றாக இருந்ததே இல்லை.

ஊசிமுனை:
உண்மைதான், ‘சூழ்நிலை ஒன்றாகவே இருந்தும்’ என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அந்த அறையை ஒருவர் ஆய்வாகவும் மற்றவர் சித்திரவதையாகவும் கண்டார்களே, அந்தக் கண் யாருடையது?