சம்பளக் கமிஷனோட சேர்த்து நிர்வாக சீர்திருத்தத்தையும் பேச முடியாதா?

தஞ்சை குமரன்:
எங்க பாத்தாலும் 8வது ஊதியக் குழு பேச்சு தான், ஃபிட்மென்ட் ஃபேக்டர் (பழைய பேசிக்க எத்தனையால பெருக்கி புதுசு போடுறாங்கங்குற எண்) எவ்ளோ வரும்னு. போன தடவ 2.57, மினிமம் பேசிக் 18,000. சம்பளம் ஏறட்டும், அதுல எனக்கு வயித்தெரிச்சல் எதுவும் இல்ல. ஆனா ஏத்தும்போதே இன்ன வேலை இத்தன நாள்ல முடியணும்னு ஒரு ஒப்பந்தம் ஏன் போட மாட்டேங்குறாங்க? எங்கயாவது நடந்திருக்கா?

ஓய்வூதியர்:
தம்பி, இங்கயே பண்ணிப் பாத்தாச்சு. 5வது குழு, தலைவர் நம்ம திருநெல்வேலிக்காரர் நீதிபதி ரத்னவேல் பாண்டியன், 1997 ஜனவரில ரிப்போர்ட் குடுத்தாங்க. சம்பளத்த ஏத்துங்க, கூடவே பத்து வருஷத்துல ஆள் எண்ணிக்கைய 30 சதவீதம் குறைங்க, காலியா கெடக்குற மூணரை லட்சம் போஸ்ட்ட எடுத்துருங்கன்னு ரெண்டயும் சேர்த்து தான் எழுதினாங்க. யூனியன் ஸ்ட்ரைக்குனு சொன்னதும் குஜ்ரால் கவர்மெண்ட் 20 சதவீத ஃபிட்மென்ட்ட (பழைய பேசிக் மேல கூட்டுற அளவு) 40 ஆக்கிருச்சு, ஆள் குறைப்புப் பக்கத்த தொடவே இல்ல. 2008ல 6வது குழு வேலைக்கேத்த ஊக்கத்தொகைன்னு ஒண்ணு சொன்னாங்க, விண்வெளி, அணுசக்தி துறைகள்ல வந்துச்சு, சாதாரண ஆபீஸ் பக்கம் எட்டிக்கூட பாக்கல.

டப்ளின் நர்ஸ்:
அயர்லாந்துல இது பழக்கமான விஷயம் குமரன். 2003லயே சம்பள உயர்வுக்கு முன்னாடி துறை சொன்ன மாற்றத்த பண்ணுச்சான்னு பாக்க குழு வச்சாங்க, ஆனா பெரும்பாலும் எல்லாருக்கும் பாஸ் தான். அப்புறம் நாடே கடன்ல மாட்டினப்ப 2010ல கவர்மெண்டும் யூனியன்களும் போட்ட க்ரோக் பார்க் ஒப்பந்தம். இனிமே சம்பளத்த வெட்ட மாட்டோம், கட்டாயமா யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம், பதிலுக்கு நீங்க 45 கிலோமீட்டருக்குள்ள எங்க மாத்தினாலும் போகணும், வேலை முறைய மாத்த ஒத்துக்கணும். 2013ல ஹாடிங்டன் ரோடு ஒப்பந்தத்துல சம்பளமே ஏத்தாம வேலை நேரத்த கூட்டினாங்க, ஆபீஸ் ஸ்டாஃபுக்கு வாரத்துக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல கூடுச்சு, அது திரும்பிப் போக 2022 ஜூலை ஆச்சு. அதனால இங்க சீர்திருத்தம்னாலே எங்க ஆளுங்களுக்கு கொஞ்சம் கசப்பு தான்.

வருவாய்த்துறை ஊழியன்:
அக்கா சொன்ன கசப்பு எங்களுக்கும் உண்டு. சீர்திருத்தம்னா மேல இருக்கவங்களுக்கு ஆள் குறைப்பு மட்டும் தான் ஞாபகம் வருது. எங்க பக்கம் ஒரே விஏஓ ரெண்டு கிராமம் கூடுதல் பொறுப்பா பாக்குறாரு. பட்டா மாறுதலுக்கு ஆன்லைன்ல விண்ணப்பம் வந்துருது சரி, ஆனா உட்பிரிவுன்னா, அதாவது நிலத்த பிரிக்கணும்னா, சர்வேயர் நேர்ல போய் அளக்கணுமே, அந்த மனுஷன் ஒருத்தர் எத்தன ஊருக்கு தான் ஓடுவாரு, ஜனங்க வந்து கத்துறது மட்டும் கவுண்டர்ல உக்காந்திருக்க எங்கள. இத்தன நாள்ல முடிக்கணும்னு கெடு எழுதுங்க, தாராளமா எழுதுங்க. அதே பேப்பர்ல எத்தன சர்வேயர் போடுவீங்கன்னும் எழுதுங்க.

தஞ்சை குமரன்:
இத நான் யோசிக்கவே இல்ல சார், கெடுங்குறது ரெண்டு பக்கத்துக்கும் இருக்கணும்ல. அக்கா, க்ரோக் பார்க்ல சொன்னத செஞ்சாங்களான்னு யாரு பாத்தா, கவர்மெண்டேவா?

டப்ளின் நர்ஸ்:
இல்லப்பா, அதுக்குன்னு தனியா ஒரு அமைப்பு. யூனியன் ஆளும் நிர்வாக ஆளும் சேர்ந்து, வெளியாள் ஒருத்தர் தலைவர். வருஷா வருஷம் என்ன நடந்துச்சு, எவ்வளவு பணம் மிச்சமாச்சுன்னு ரிப்போர்ட் வெளிய போட்டாங்க, யாரு வேணா படிக்கலாம்.