தொடங்கியவரா, ஏவுநரா, வினைமுதலா?

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்ப்புக் கோப்பை ஒப்படைக்க வேண்டும். மிச்சமிருப்பது ஒரே ஒரு நெடுவரிசைத் தலைப்பு. சர்வர் மேலாண்மை மென்பொருளில் ஒரு பணியை எந்தப் பயனர் முடுக்கிவிட்டார் என்று காட்டும் இடம் அது. ஆங்கிலத்தில் 'இனிஷியேட்டர்'. மூன்று நாளாகப் பேசியும் முடியவில்லை.

> 'தொடங்கியவர்' போதும். எல்லாருக்கும் புரியும்.

புரியும், மறுக்கவில்லை. 'துவக்கியவர்' என்று எழுதிய அன்பருக்கு மட்டும் ஒன்று: ஈழத்தில் துவக்கு என்றால் துப்பாக்கி. அங்கேயும் இதைப் படிப்பார்கள்.

> 'இன்னாரால் தொடங்கப்பட்டது' என்று போடலாமே?

பயனர்பெயர் ரோமன் எழுத்தில் இருக்கும், சில சமயம் எண்ணில் முடியும். அதோடு 'ஆல்' உருபை ஒட்ட முடியாது. தனியே நிற்கும் பெயர்ச்சொல்தான் வேண்டும்.

என் கவலை வேறு. லினக்ஸில் நான் என் பெயரில் நுழைந்து, சூடோ (ஒரு கட்டளையை வேறொரு கணக்கின் அதிகாரத்தில் ஓட்ட உதவும் நிரல்) போட்டு ஒரு சேவையை நிறுத்துகிறேன் என்று வையுங்கள். வேலை நடப்பது ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கில்; பயனர் எண் 0. ஆனால் தணிக்கைப் பதிவில் நுழைவுப் பயனர் எண் என்று தனியாக ஒன்று உண்டு. நுழைந்தபோது பதிந்த அந்த எண் சூடோவுக்குப் பிறகும் மாறாது. அதை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறோம். ஆக, செய்யச் சொன்னவர் ஒருவர், செய்த கணக்கு வேறு. 'தொடங்கியவர்' என்றால் இதில் யார்? பதிவில் தொடங்கியவர் ரூட் என்று ஒருவர் படித்துவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடும்.

நம் இலக்கணத்தில் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. மூன்றாம் வேற்றுமையில் 'அரசனால் கோயில் கட்டப்பட்டது' என்றால் ஏவுதற் கருத்தா, அதாவது செய்யச் சொன்னவர். 'தச்சனால்' என்றால் இயற்றுதற் கருத்தா, தானே செய்தவர். இங்கே பயனர் அரசன், ரூட் தச்சன். அதனால்தான் 'ஏவுநர்' என்றேன். அனுப்புநர், பெறுநர் போல 'நர்' விகுதி. 'ஏவுனர்' என்று எழுதுவது பிழை.

> கருத்தா வடசொல். தொல்காப்பியர் சொல் 'வினைமுதல்'.

உண்மைதான். 'வினைமுதல் கருவி அனைமுதற்று அதுவே' என்கிறது நூற்பா. வினையைச் செய்வது என்ற பொருளில் வினைமுதல் ஆளுக்கும் பொருந்தும், தானாக ஓடும் பணியில் 'சிஸ்டம்' என்று வரும் இடத்துக்கும் பொருந்தும். அந்த வகையில் ஏவுநரை விட மேல். ஆனால் ஏவியவரும் வினைமுதல், இயற்றியவரும் வினைமுதல். எனக்கு வேண்டிய பிரிவு அதில் கரைந்துபோகிறது. அப்புறம், நான் முன்வைத்த ஏவுநரில் வடமொழி எங்கே இருக்கிறது?

> ஏவு என்றால் ஏவுகணை, ஏவல் என்றால் பில்லி சூனியம். மக்கள் மிரளுவார்கள்.

ஏவல் வினையைப் பள்ளியிலேயே படித்தவர்கள் நாம். 'வா', 'செய்' என்பதற்கு மிரண்டவர் யாரும் இல்லை. ஒரு சொல்லுக்குப் பக்கத்து வீட்டில் வேறு வேலை இருப்பதாலேயே அதைத் தள்ளினால், தமிழில் மிஞ்சும் வேர்கள் மிகக் குறைவு.

சரி, ஐந்து பேர் 'தொடங்கியவர்' என்கிறீர்கள்; ஏவுநர் பக்கம் நானும் இன்னொருவரும்தான். கெடு கருதி 'தொடங்கியவர்' என்றே அனுப்புகிறேன். பக்கத்து நெடுவரிசைக்கு 'இயக்கும் கணக்கு' என்று வைத்திருக்கிறேன். இரண்டும் அருகருகே நின்றால் குழப்பம் ஓரளவு குறையும். என் மறுப்பையும் கோப்பின் குறிப்புரையில் எழுதியிருக்கிறேன். அடுத்த பதிப்பில் தணிக்கைப் பக்கம் வருகிறது. அங்கே இரண்டும் ஒரே வரியில் வரும், 'தொடங்கியவர்' தாங்காது. அதற்குள் ஆளுக்கும் சிஸ்டத்துக்கும் பொருந்துகிற, ஏவுதலை மட்டும் குறிக்கிற சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.